ஒரு மில்லி செகண்டில் வந்த பதில்

ஒரு ரூட்டர் தன்னுடைய எண்ணைத் தானே அழைத்தால் அதற்குப் பதில் சொல்வது யார் என்பதை நான் பல ஆண்டுகள் அறிந்திருந்தேன். பிறகு ஒரு மாத காலம், அறிந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பின் பயனாக என் மனைவியின் அண்ணன் மூன்று நாள் தரையில் கிடந்தார். அதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

நான் இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் எலெக்ட்ரீஷியனாகச் சேர்ந்தவன். ஆலைக்குள் கம்ப்யூட்டர்கள் வந்தபோது அவற்றின் வயர்கள் என் பொறுப்பில் சேர்ந்தன; வயர்களைத் தொடர்ந்து பெட்டிகளும் சேர்ந்தன. நான் கல்லூரியில் படித்தவனல்லன். பெட்டியோடு வரும் புத்தகத்தை அகராதியின் துணையோடு படித்தும், வெளியூரிலிருந்து வரும் பொறியாளர்கள் வேலை செய்யும்போது அருகில் நின்று கவனித்தும் கற்றுக்கொண்டேன். ஓய்வு பெறும் வயது கடந்த பின்னும் ஆலை என்னை வரச் சொன்னது. நானும் போய்க்கொண்டிருந்தேன்.

ஆலையின் பஞ்சுக் கிடங்கு ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டிச் சுந்தரபாண்டியம் போகும் சாலையில் இருக்கிறது. தகரக் கூரையும் கனத்த சுவர்களும் உடைய நீண்ட கட்டடம். அங்கே வந்திறங்கும் பேல்களின், அதாவது அழுத்திக் கட்டிய பஞ்சுப் பொதிகளின், விவரம் உடனுக்குடன் ஆலைக்குத் தெரியும்பொருட்டு, இரண்டு இடங்களுக்கும் இடையே ஒரு தனி லைன் வாடகைக்கு எடுக்கப்பட்டிருந்தது. லைனின் இரு முனைகளிலும் ஒவ்வொரு ரூட்டர். ஒரு முனையில் கொடுத்த செய்தியை மறுமுனையில் சேர்ப்பதே அப்பெட்டியின் வேலை. வீட்டுக்குக் கதவு எண் போல ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண் உண்டு.

லைன் நலமாக இருக்கிறதா என்று அறிவதற்கு 'பிங்' என்றொரு வழி இருக்கிறது. ஓர் எண்ணைக் குறிப்பிட்டு பிங் செய்தால், நம் பெட்டி அந்த எண்ணை நோக்கி ஒரு சிறு செய்தியை அனுப்பி, இருக்கிறாயா என்று கேட்கும். அந்த எண்ணுக்குரிய பெட்டி, இருக்கிறேன் என்று திருப்பி அனுப்பும். இவ்வாறு ஐந்து முறை. பதில் வந்தால் திரையில் ஓர் ஆச்சரியக்குறி விழும். வராவிட்டால் ஒரு புள்ளி விழும். போய்வர எத்தனை மில்லி செகண்டு ஆயிற்று என்பதும் கீழே தெரியும்.

லைன் போட வந்த பொறியாளர் திருநெல்வேலிக்காரர். வேலை முடிந்ததும் அவர் எனக்கு ஒரு வழக்கத்தைக் கற்றுக்கொடுத்தார்.

"அண்ணாச்சி, காலையில வந்ததும் உங்க நம்பரையே பிங் பண்ணிப் பாருங்க. அந்தப் பக்கத்து நம்பர் வேண்டாம்."

"எங்க நம்பருக்கு நாங்களே பதில் சொல்லிக்கிட்டா அதுல என்ன தெரியும்?"

"அதான் இல்ல. இது சீரியல் லைன். தன் நம்பர்தானான்னு இந்தப் பெட்டி யோசிக்காது, லைன்ல தள்ளி விட்டுரும். அங்க இருக்கறது பாத்துட்டு, இது என்னுது இல்ல, உன்னுதுன்னு திருப்பி அனுப்பும். பொறவுதான் இதுக்கே தெரியும். பதில் சொல்லும்போதும் அதே கூத்துதான். ஒரு சுத்துக்கு ரெண்டு சுத்து லைன சோதிச்சாச்சு."

செய்தும் காட்டினார். எதிர்முனையின் எண்ணை அழைத்தபோது இருபத்தெட்டு மில்லி செகண்டு. எங்கள் எண்ணை நாங்களே அழைத்தபோது ஐம்பத்தாறு. பக்கத்தில் இருக்கும் தன்னை அழைப்பதற்கு, தொலைவில் இருப்பதை அழைப்பதைப் போல் இருமடங்கு நேரம் ஆயிற்று. அன்று அந்த இரண்டு எண்களையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகப் புரிந்த பிறகும் மனத்துக்கு ஏதோ ஒப்பவில்லை. ஆயினும் மறுநாள் முதல் அவ்வழக்கத்தையே கைக்கொண்டேன். லாக் புத்தகத்தில் நாள்தோறும் ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு என்று எழுதிவந்தேன்.

என் மைத்துனர் கிடங்குக்கு வந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. கிடங்கின் காவற்பொறுப்பை ஏற்று, அங்கேயே முன்பக்கத்து அறையில் தனியாகத் தங்கினார். முன்பொரு முறை இடி விழுந்து அங்கிருந்த ரூட்டர் கருகியதால், மாலையில் அதை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கி வைப்பதும், காலை ஏழு மணிக்கு மீண்டும் சொருகிச் சுவிட்சைப் போடுவதும் அவருடைய வேலைகளில் ஒன்றாயிற்று. ஏழு என்றால் ஏழு. நான் ஏழரைக்கு ஆலையில் உட்கார்ந்து பிங் செய்யும்போது, எங்கள் எண் அவர் உயிர்ப்பித்த பெட்டியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வரும்.

அவருக்கு ஒருமுறை நெஞ்சு வலி வந்து தேறியிருந்தது. அதனால் என் மனைவி தினமும் காலையில் போன் செய்வாள். ஒருநாள் அவர் பொறுமை இழந்தார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"ஏட்டி, தெனம் விடிஞ்சா எந்திரிச்சு, இருக்கியா செத்தியான்னு கேக்க. நான் செத்தா பஞ்சு எறக்க வார லாரிக்காரன் சொல்லுவான். போன வையி."

அதன்பின் அவள் போன் செய்வதை நிறுத்தினாள். அதற்குப் பதிலாக, நான் ஆலைக்குப் போனதும் வீட்டுக்குப் பேசி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. பிங்குக்குப் பதில் வந்திருந்தால், அண்ணன் எழுந்துவிட்டார், சுவிட்சைப் போட்டுவிட்டார் என்று பொருள். இந்த ஏற்பாடு அவருக்கும் தெரியும். வீட்டுக்குச் சாப்பிட வரும்போதெல்லாம் தங்கையைச் சீண்டுவார்.

"ஏழு மணிக்கு ரோல்கால் குடுத்துருதேன். ஒன் புருசன் மிஷின்ல கேட்டுக்க."

"எங்க அண்ணனுக்கு மிலிட்டரி ரிட்டயர்மென்டு குடுத்துச்சு, வாய்க்குக் குடுக்க மறந்துருச்சு" என்பாள் அவள், சோற்றை வைத்துக்கொண்டே.

சென்ற ஆண்டு அந்தப் பழைய லைனை நிறுத்தினார்கள். ஃபைபர் வந்தது. இரு முனைகளிலும் புது ரூட்டர்கள். ஒவ்வொன்றின் அருகிலும் கண்ணாடி இழையைச் சொருகுவதற்கு ஒரு சின்னஞ்சிறு பெட்டி. மதுரையிலிருந்து ஒரு பெண் பொறியாளர் வந்து ஒரே நாளில் இரண்டு ஊரிலும் மாட்டி முடித்தார். புறப்படும்போது அவரிடம் கேட்டேன்:

"ஏம்மா, எங்க நம்பர நாங்களே பிங் பண்ணிப் பாக்கறது வழக்கம். இதுலயும் பண்ணலாமா?"

"பண்ணுங்க சார். வரும்."

உடனே செய்து பார்த்தேன். ஐந்து ஆச்சரியக்குறிகள். நேரம் ஒரு மில்லி செகண்டு.

"எம்புட்டு வேகம்" என்றேன்.

"ஃபைபர்ல சார்" என்று சொல்லிவிட்டு அவர் மதுரை பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

அவர் சொன்னதில் பிழை ஏதுமில்லை. பதில் வருமா என்று நான் கேட்டேன், வரும் என்றார். எங்கிருந்து வரும் என்று நான் கேட்கவில்லை. லாக் புத்தகத்தில் ஐம்பத்தாறுக்குக் கீழே ஒன்று என்று எழுதினேன். மறுநாளும் ஒன்று. அதற்கு மறுநாளும் ஒன்று. பழைய லைனில் மழைக்காலத்தில் இரண்டோ மூன்றோ கூடும், வெயிலில் குறையும். இந்த ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை. அதை நான் தரம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் சென்றது. நூலுக்கு ஆர்டர் இல்லாமல் ஆலையைப் பத்து நாட்கள் நிறுத்தினார்கள். கிடங்குக்குப் பஞ்சு லாரிகள் வருவதும் நின்றது. பாட்டரிகளையும் பம்புகளையும் பார்த்துக்கொள்ள நான் மட்டும் வருவேன். கேட்டில் ஒரு வாட்ச்மேன் இருப்பார். நூற்பாலை ஓடாத சத்தத்தை ஆலையில் வேலை பார்த்தவர்களே அறிவார்கள். முதல் நாள் காது தானாகவே இரையும். இரண்டாம் நாள் அந்த இரைச்சலும் நின்றுவிடும். அப்போது, வரிசை வரிசையாய் நிற்கும், நூல் சுற்றும் கதிர்களின் மேல் பஞ்சுத் தூசு இறங்குவது கூடக் கேட்பதைப் போல இருக்கும். கம்ப்யூட்டர் அறையில் மட்டும் பச்சை விளக்குகள் சிமிட்டிக்கொண்டிருந்தன. அனுப்புவார் இல்லை, பெறுவார் இல்லை. ஆயினும் அவை சிமிட்டின.

திங்கட்கிழமை காலை பிங் செய்தேன். ஐந்து குறிகள். வீட்டுக்குப் பேசி, எந்திரிச்சிட்டார் என்றேன். செவ்வாய்க்கிழமையும் அப்படியே.

புதன்கிழமை நான் புறப்படும்போது என் மனைவி செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இன்னைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மாசாந்திரக் கரண்டு கட்டாம். ஒம்பதுலருந்து அஞ்சு வரைக்கும். அண்ணன் அந்தத் தகரத்துக்குள்ள ஃபேன் இல்லாம புழுங்குவாரு."

ஏழரைக்குப் பிங் செய்தேன். பதில் வந்தது. சொன்னேன். பின் பாட்டரிகளுக்கு நீர் ஊற்றிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தபோது மணி பத்து. எக்காரணமும் இன்றி, கை பழகிய பழக்கத்தில், மறுபடியும் எங்கள் எண்ணை அடித்தேன்.

ஐந்து ஆச்சரியக்குறிகள். ஒரு மில்லி செகண்டு.

திரையைப் பார்த்தபடியே இருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் மின்சாரம் நின்று ஒரு மணி நேரம் ஆகிறது. பஞ்சில் தீப்பிடிக்கும் என்ற அச்சத்தால் அந்தக் கிடங்கில் இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ வைத்ததில்லை. அங்கே இருக்கும் ரூட்டர் இந்நேரம் அணைந்து கிடக்கவேண்டும். அணைந்து கிடக்கும் பெட்டி என் செய்தியைத் திருப்பி அனுப்பியிருக்கிறது.

மீண்டும் அடித்தேன். மீண்டும் வந்தது.

எழுந்து போய், சின்னப் பெட்டியிலிருந்து சுவருக்குள் போகும் மஞ்சள் நிறக் கண்ணாடி இழையைக் கையால் உருவினேன். இப்போது இந்த அறையிலிருந்து செய்தி வெளியே போவதற்கு வழியே கிடையாது. நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே அடித்தேன்.

ஐந்து குறிகள் முன்னைப் போலவே, சற்றும் தயங்காமல் விழுந்தன.

பட்டப்பகல். ஜன்னலுக்கு அப்பால் மலை தெரிந்தது. வாட்ச்மேன் கேட்டருகே வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அறையில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. நான் கேட்பதற்கெல்லாம் அறைக்குள்ளிருந்தே ஏதோ ஒன்று, இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு மாதமாகவே அதுதான் சொல்லிவந்திருக்கிறது. அதன் வார்த்தையைத்தான் நான் நாள்தோறும் என் மனைவியிடம் சேர்ப்பித்திருக்கிறேன்.

இழையைத் திரும்பச் சொருகி, எதிர்முனையின் எண்ணை முதன்முறையாக அழைத்தேன். புள்ளி. சற்று நேரம் கழித்து இன்னொரு புள்ளி. ஐந்தும் புள்ளிகள். மின்சாரம் இல்லாததால் அது இயல்பே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஏழரை மணிக்கு மின்சாரம் இருந்தது. அப்போது அவர் சுவிட்சைப் போட்டிருந்தாரா? நேற்று? முந்தாநாள்? அறிய வழியில்லை. அவருடைய செல்போனுக்கு அடித்தேன், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அவர் அதை அணைத்து வைப்பது வழக்கம்தான். வீட்டுக்குப் பேச எண்ணிப் பெயரை எடுத்தேன். போனைப் பையில் போட்டுவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் பால்கோவாக் கடைகளின் வாசலில் ஜெனரேட்டர்கள் இரைந்துகொண்டிருந்தன. சுந்தரபாண்டியம் சாலையில் திரும்பியதும் அவ்விரைச்சல் நின்றது. கிடங்கின் கேட் உட்புறம் தாழிட்டிருந்தது. வண்டியின் மேல் ஏறி நின்று கையை நுழைத்துத் தாழை நீக்கினேன். அறையில் கட்டில் காலியாக இருந்தது. போர்வை ராணுவ மடிப்பில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. மேசைமேல் ஒரு டம்ளரில் காப்பி. அதன்மேல் ஆடை கட்டிப் பூசணம் பூத்திருந்தது.

"மச்சான்" என்று கிடங்குக்குள் பார்த்துக் கூப்பிட்டேன்.

பேல்கள் இருபுறமும் கூரையளவு அடுக்கப்பட்டிருந்தன. பஞ்சுக் கிடங்கில் குரல் திரும்பி வராது. வாயை விட்டு நீங்கியதும் பஞ்சு அதை வாங்கிக்கொள்ளும். என் குரல் எனக்கே கேட்டதாகத் தோன்றவில்லை. இருட்டில் கையால் தடவியபடி நடுச்சந்தில் நடந்தேன். ரூட்டர் இருப்பது அச்சந்தின் கடைசியில், பின்சுவரில்.

அங்கே அவர் தரையில் கிடந்தார். தலைமாட்டில், தீயணைப்புக்காக நீர் நிரப்பி வைத்திருக்கும் சிவப்பு வாளிகளில் ஒன்று சாய்ந்திருந்தது. மேலே பஞ்சை இழுத்துப் போர்த்தியிருந்தார். கண்கள் திறந்தே இருந்தன. பிறகு அவை என் பக்கம் அசைந்தன.

"மாப்ளே" என்றார். உதடு வெடித்திருந்தது. "இன்னைக்கு என்ன கெழம?"

"புதன், மச்சான்."

கண்ணை மூடி எண்ணிப் பார்த்தார். "திங்கக்கெழம சுச்சு போட வந்தேன். வாளி தட்டி விழுந்துட்டேன். இடுப்பு அசைய மாட்டேங்கு."

"சத்தம் போட்டீகளா?"

"எதுக்குப் போடணும்? சுச்சு போடல. ஏழரைக்கு மாப்ளைக்குத் தெரிஞ்சிரும், எட்டரைக்கு வந்துருவாருன்னு கெடந்தேன்." வெடித்த உதட்டை நாவால் நனைத்துக்கொண்டு, "வரல. மறுநாளும் வரல" என்றார். அதில் கோபம் இல்லை. நடந்ததை அறிக்கை கொடுப்பதைப் போலச் சொன்னார்.

வாளியில் மிச்சமிருந்த நீரைக் கையில் ஏந்தி அவர் வாயருகே கொண்டுபோனேன். உண்மையைச் சொன்னேன்.

"பதில் வந்துச்சு மச்சான். மூணு நாளும் வந்துச்சு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தலையைச் சிறிது திருப்பி, சுவரில் பிளக் பிடுங்கியபடி இருந்த பெட்டியைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"யாரு குடுத்தா?" என்றார்.

அந்தக் கேள்வியோடு அவர் மயங்கிவிட்டார். ஆம்புலன்ஸ் வந்து, முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி, அதன்பின் மதுரை. இடுப்பெலும்பில் தகடு வைத்தார்கள். மூன்று நாள் நீரில்லாது கிடந்திருந்தால் சிறுநீரகம் போயிருக்கும், அந்த வாளிதான் காப்பாற்றியது என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என் பக்கம் திரும்பிக் கேட்டாள்:

"திங்கக்கெழம எந்திரிச்சிட்டாருன்னு சொன்னீக."

"ஆமா."

"செவ்வாக்கெழமையும் சொன்னீக. நானும் நிம்மதியா எலையில சோத்தப் போட்டுத் தின்னேன்."

அவளுக்கு விளங்கும்படி எடுத்துச் சொன்னேன். அதற்குள் மதுரைப் பொறியாளரிடம் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். பழைய லைனில் பெட்டி தன் எண்ணை மறுமுனைக்குப் போய்த்தான் அடையும். புதுவகைப் பெட்டி, கேட்கப்படும் எண் தன்னுடையது என்று அறிந்ததுமே உள்ளேயே பதில் சொல்லிக்கொள்ளும். செய்தி வாசலைத் தாண்டாது. அருகிலிருக்கும் அந்தச் சின்னப் பெட்டியோடு இணைப்பு இருக்கும்வரை, அதற்கப்பால் உலகமே அணைந்தாலும் அது இருக்கிறேன் என்றே சொல்லும். "எல்லாப் பெட்டியும் அப்படித்தான் சார். பழசுதான் விநோதம்" என்றார் அந்தப் பெண். எனக்கோ அவ்விநோதம் ஒன்றே தெரிந்திருந்தது.

என் மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். "அப்ப ஒரு மாசமா நீங்க கேட்டதும் நீங்கதான், சொன்னதும் நீங்கதான்" என்றாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் திட்டவில்லை. எழுந்து, அண்ணன் படுத்திருந்த அறைக் கதவின் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். மார்பு ஏறி இறங்குவதைப் பார்க்கிறாள் என்பது பின்னாலிருந்தே தெரிந்தது.

இப்போது அவர் எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறார். வாக்கர் பிடித்து நடக்கிறார். சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் தங்கையைப் பழையபடி ஏசுகிறார். என்னிடம் அந்த மூன்று நாட்களைப் பற்றிப் பேசியதில்லை. ஆலையில் நான் வேலையை விட்டுவிட்டேன். விடுவதற்கு முன், தன் எண்ணை அழைக்கக் கூடாது, எதிர்முனையையே அழைக்க வேண்டும் என்று எழுதி ரூட்டர் மேல் ஒட்டினேன். லாக் புத்தகத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். அந்த ஒரு மாதம் முழுவதும் என் கையெழுத்தில் ஒன்று, ஒன்று, ஒன்று என்று இறங்கிவந்தது. அவர் தரையில் கிடந்த மூன்று நாட்களின் ஒன்றுக்கும், அவர் நலமாயிருந்த நாட்களின் ஒன்றுக்கும் ஒரு வேறுபாடும் இல்லை.

இன்று காலை என் மனைவி காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். மாடிப்படியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்திரிச்சாச்சு. இருமுன சத்தம் கேட்டுச்சு" என்றேன்.

அவள் பாலை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியாக மாடிக்கு ஏறிப் போனாள். நான் தடுக்கவில்லை. மேலே கதவு திறக்கும் ஓசைக்காகக் காத்திருந்தபோது, சற்றுமுன் கேட்டது அவருடைய இருமல்தானா, அல்லது என்னுடையதா என்று எனக்கே உறுதியில்லாமல் போயிற்று.